மஞ்சள் சுவர் ஏன் மங்குகிறது? ஸ்குவூஷ், இமேஜ்மேஜிக்: மூன்று ஆண்டுப் பயன்பாடு

புதுச்சேரி வெள்ளை நகரத்துத் தங்கும் விடுதி ஒன்றின் இணையதளத்துக்கான படங்களைச் சுருக்க, மூன்று ஆண்டுகளாக ஸ்குவூஷ், கட்டளை எழுதி இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற இந்த இரண்டு கருவிகளும்தான் புழங்குகின்றன. இரண்டும் இலவசம். ஸ்குவூஷ் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது, படம் எந்த சர்வருக்கும் போகாது. நடுக்கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு படம்தான். ஆகவே அமைப்பை முடிவுசெய்ய ஸ்குவூஷ், மொத்தமாக மாற்ற இமேஜ்மேஜிக்.

போன் படம் 4032 × 3024. பக்கத்தில் அது நிற்கும் அகலம் 800 பிக்சல் என்றால், கூர்மையான திரைகளுக்காக இரட்டித்து 1600 வைத்தால் போதும். அகலத்தைக் குறைத்ததுமே பிக்சல்கள் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். தரத்தில் கைவைப்பது அதற்கப்புறம்: வெப்பி (இணையத்துக்கான பட வடிவம்), தரம் 78.

இந்த ஊர்ப் படங்களில் சோதனையே மஞ்சள் சுவரும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூவும்தான். வெப்பி தரமிழப்பு முறையில் நிறத் தகவலை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடும். பூவின் ரோஸ் நிறம் ஓரத்தில் சுவருக்குள் கசிந்து அழுக்குப் போலத் தெரியும். தரத்தை 95 ஆக ஏற்றினாலும் கசிவு முழுதாகப் போகாது. நிற ஓரங்களைக் கூர்மையாக வைக்கும் ஷார்ப் ஒய்யுவி அமைப்பைப் போட்டால் பெருமளவு சரியாகும். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சுவரே மொத்தமாக வெளிறினால் காரணம் வேறு. ஐஃபோன் 7 முதல் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் பதிவாகின்றன. படத்தோடு வரும் கூடுதல் தகவலை நீக்கும் இமேஜ்மேஜிக்கின் ஸ்ட்ரிப், இருப்பிடத் தகவலோடு, எந்த நிறவெளி என்று சொல்லும் நிற ப்ரொஃபைலையும் சேர்த்துத் துடைத்துவிடும். முதலில் இணையத்தின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், பிறகு துடையுங்கள். படத்தை நிமிர்த்தி வைக்கும் ஆட்டோ-ஓரியன்ட்டும் ஸ்ட்ரிப்புக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் நெட்டுக்குத்தாக எடுத்த கலங்கரை விளக்கம் படுத்துக்கொள்ளும்.

அகலக் கட்டளையில் 1600க்குப் பின் '>' குறி சேர்த்தால் சின்னப் படங்கள் ஊதிப் பெரிதாகாது. மேற்கோள் குறிக்குள் போடாமல் விட்டால் டெர்மினல் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு, ஃபோல்டரில் தேவையில்லாத ஒரு ஃபைலை உருவாக்கும்.

பல படங்களை ஒரேயடியாக மாற்றும் இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையில் உஷாராக இருங்கள். புதுப் படம் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரை (பாத்) கொடுக்காமல் அகலம் மாற்றினால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், மீட்க வழியில்லை. அதனால்தான் 'மூலம்', 'தளம்' என்று இரண்டு ஃபோல்டர். மூலம் இணையத்துக்கே போகாது. தளத்துக்குள் அறைகள், கடற்கரை, உணவு என்று பிரிவுகள். அதற்கும் கீழே இன்னோர் அடுக்கு வேண்டாம், தேடுவது வீண்வேலை. (கணினிக்குள் மட்டும்தான் இந்தத் தமிழ்ப் பெயர்கள்.)

ஏற்றும் ஃபைல், ஃபோல்டர் பெயர்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோட்டோடு இருக்கட்டும். 'கடற்கரை' என்று தமிழில் வைத்தால் முகவரியில் அந்த ஒரு சொல்லே 63 குறிகளாக நீளும். வாட்ஸப்பில் பகிர்ந்தால் பார்க்கச் சகிக்காது. கேமரா பெரிய எழுத்தில் வைக்கும் ஃபைல் நீட்சி, பக்கத்தின் நிரலில் சின்ன எழுத்தில் இருந்தாலும் விண்டோஸில் பிரச்சினை தராது, லினக்ஸ் சர்வரில் படமே வராது.

அறைக்குப் புதுக் கட்டில் போட்டுப் படம் மாற்றும்போது பழைய பெயரையே வைக்காதீர்கள். முன்பு வந்துபோனவருடைய பிரவுசர், தான் சேமித்து வைத்த நகலிலிருந்து (கேஷ்) பழைய கட்டிலையே எடுத்துக் காட்டும். பெயரின் கடைசி எண்ணை 01லிருந்து 02 ஆக்கி, பக்கத்தின் நிரலிலும் அதையே திருத்துங்கள்.