ஜாவாவிலிருந்து சோலரைக் கிளப்ப மூன்று வழிகள்

அப்பாச்சி சோலர் போன்ற தேடல் சர்வர் ஒன்றை ஜாவா புரோகிராமிலிருந்து ஸ்டார்ட் செய்வது பத்து வரி வேலை. அது உண்மையிலேயே தயாரா என்று தெரிந்துகொள்வதும், வேலை முடிந்ததும் மிச்சமில்லாமல் நிறுத்துவதும்தான் பாடு. அதனால் அப்பாச்சி சோலருக்கு உள்ள வழிகளை இந்த இரண்டை வைத்தே பார்க்கிறேன்.

சோலரோடு வரும் எம்பெடட்சோலர்சர்வர் என்ற கிளாஸை எடுத்தால் தனி சர்வரே கிடையாது. உங்கள் புரோகிராம் ஓடும் ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) சோலர் ஓடும்; போர்ட் வேண்டாம், குளோஸ் என்றால் நின்றுவிடும். ஆனால் சோலரின் அடித்தளத் தேடல் நூலகமான லூசீன் உட்பட அத்தனை ஜார்களும் (ஜாவா நூலக ஃபைல்கள்) உங்கள் புரோகிராம் நூலகங்களைத் தேடும் கிளாஸ்பாத்துக்குள் வந்துவிடும். ஹீப் என்ற ஜாவா மெமரியும் பொது, அது தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். சின்ன டெஸ்டுக்குச் சரி, அதற்கு மேல் நான் போகமாட்டேன். இன்னொரு தேடல் சர்வரான எலாஸ்டிக்சர்ச்சில் இந்த வழிக்கு 2016இல் வந்த 5.0 பதிப்போடு ஆதரவு நின்றுபோனது.

டெஸ்டுக்கு என் தேர்வு டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற ஜாவா நூலகம். சர்வரைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கர் இருந்தால் போதும். காலியாக உள்ள போர்ட்டை அதுவே பிடிக்கும், தயாராகும்வரை காத்திருக்கும். டெஸ்ட் நடுவில் செத்தாலும் ரியுக் என்ற துணை கன்டெய்னர் பின்னால் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

வாடிக்கையாளர் கணினியில் டாக்கர் இருக்காது. அங்கே வேறொரு புரோகிராமைக் கிளப்பும் ஜாவாவின் பிராசஸ்பில்டர்தான். நான் அதிகம் அடிபட்டதும் இங்கேதான். சோலரின் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் சர்வரைப் பின்னணியில் விட்டுவிட்டுத் தானே முடிந்துவிடும். கையில் இருக்கும் பிராசஸ் அந்த ஸ்கிரிப்ட்டுடையது. அதை டிஸ்ட்ராய் செய்தால் சோலருக்கு ஒன்றும் ஆகாது. முன்னணியில் ஓடச் சொல்லும் ‘எஃப்’ ஆப்ஷனைக் கொடுத்தால் லினக்ஸில் அதே பிராசஸே சோலராக மாறும்.

அப்படி மாற்றிய பிறகு ஒருமுறை சர்வர் பாதியில் உறைந்தது. பிழைச்செய்தியே இல்லை. அரைநாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: சோலர் எழுதும் லாகை என் புரோகிராம் படிக்கவே இல்லை. லாக் என் புரோகிராமுக்கு வருவது பைப் என்ற இணைப்பு வழியாக; லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கேபி. நிரம்பினால் எழுதுகிறவர் அப்படியே நிற்க வேண்டியதுதான். ரீடைரக்ட்அவுட்புட்டால் லாகை ஒரு ஃபைலுக்குத் திருப்பினேன், எரர் ஸ்ட்ரீமையும் அதோடு சேர்த்தேன். சரியானது.

சோலரின் வழக்கமான 8983 போர்ட் திறந்ததும் தயார் என்று நம்பாதீர்கள். கோர் (சோலரில் ஒரு தேடல் இன்டெக்ஸும் அதன் அமைப்புகளும்) லோட் ஆகும்வரை ‘இன்னும் தயாரில்லை’ என்ற 503 பிழைதான் வரும். அரை விநாடிக்கு ஒருமுறை அந்தக் கோருக்கு பிங் அனுப்புங்கள். கூடவே பிராசஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் செத்த சர்வருக்காக டைம்அவுட் வரை காத்திருப்பீர்கள்.

நிறுத்த, புரோகிராம் முடியும்போது ஓடும் ஷட்டவுன் ஹுக் போடலாம். ஆனால் புரோகிராமை உடனே கொல்லும் ‘கில் 9’ வந்தால் ஹுக் ஓடாது, சோலர் அனாதையாக நிற்கும். அதனால் சோலரின் பிஐடியை (பிராசஸ் எண்ணை) ஒரு ஃபைலில் எழுதிவைக்கிறேன். அடுத்த ஸ்டார்ட்டில், ஜாவா 9இல் வந்த பிராசஸ்ஹேண்டிலால் அந்த எண்ணில் இப்போது ஓடுவது நம் சோலர்தானா என்று கட்டளையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை நிறுத்துகிறேன். பிஐடி வேறொரு புரோகிராமுக்குப் போயிருக்கலாம்.