இறக்குமதி மினி ஸ்கிட் ஸ்டியரா, பெயர்பெற்ற பழையதா? உதிரிப்பாகக் கணக்கில் ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒன்ராறியோவில் வேலி, டெக், இன்டர்லாக் வேலைகளை எடுத்துச் செய்யும் நம்மவர்களுக்கு, மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் இனி ஈடுகொடுக்க முடியாது என்ற நிலை ஏதோ ஒரு கட்டத்தில் வந்தே தீரும். அப்போது முதலில் நினைவுக்கு வருவது, மண் அள்ளவும் குழி தோண்டவும் முன்னால் கருவிகளை மாட்டக்கூடிய மினி ஸ்கிட் ஸ்டியர். பின்னால் நின்றபடி ஓட்டும் இந்தச் சிறிய இயந்திரங்களில் பல 36 அங்குல அகலத்துக்குள் அடங்குவதால், இரண்டு வீடுகளுக்கு நடுவேயுள்ள 4 அடிச் சந்துக்குள் புகுந்து பின்வளவுக்குப் போய்விடும். உறைபனி இறங்கும் மட்டத்துக்குக் கீழே தூண் நிற்க வேண்டும் என்பதற்காக இங்கே நாம் தோண்டும் 4 அடிக் குழிகளை, ரொறன்ரோவைச் சுற்றியுள்ள இறுகிய களிமண்ணில்கூட, ஓகர் என்னும் மண் துளைக்கும் திருகை மாட்டினால் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். பயனைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

வழிகள் மூன்று: வாடகைக்கு எடுப்பது, சீனாவிலிருந்து வந்து ஏலங்களில் மலிவாகப் போகும் புதிய இயந்திரத்தை எடுப்பது, டோரோ டிங்கோ, பொப்கட், வெர்மியர், டிச் விட்ச் போன்ற பெயர்பெற்ற இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்குவது. ஆண்டுக்கு ஒரு சில நாட்களே தேவைப்படுமென்றால் வாடகையே சரி. மே, ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் வாடகை இயந்திரம் கிடைப்பது அரிது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

நான் இறக்குமதி இயந்திரத்தையே எடுத்தேன். சில பருவங்கள் ஓட்டிய பின்னரும் அந்த முடிவில்தான் நிற்கிறேன். என்றாலும் இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எஞ்சினும் ஹைட்ரோலிக் (ஒயில் அழுத்தத்தால் இயங்கும்) பாகங்களும் எந்தக் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். வாங்குபவர் ஸ்பனர் பிடிக்கத் தயங்காதவராக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் மலிவு விலை மலிவாக இருக்காது.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தேடிய காலத்தில் இறக்குமதி இயந்திரங்கள் ஏலங்களில் பெரும்பாலும் 10,000 கனடிய டொலருக்குள் போயின. ஏல நிறுவனத்தின் தரகும் 13 சதவீத எச்எஸ்டி வரியும் அதன்மேல் சேரும். 1,500, 2,000 மணித்தியாலம் ஓடிய பெயர்பெற்ற பழைய இயந்திரங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக எவரும் கேட்கவில்லை. புதியது நாலைந்து மடங்கு. ஏலத்தில் எடுப்பது உள்ளது உள்ளபடியே வரும். உத்தரவாதம் என்று காகிதத்தில் ஏதாவது இருந்தாலும் அதை நம்பி வரவுசெலவு போடக்கூடாது.

தூக்கும் திறனை ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்கள் ட்ராக் (சக்கரத்துக்குப் பதிலான ரப்பர்ப் பட்டி) பூட்டிய இயந்திரத்துக்குக் குறிப்பிடும் இயக்கத் திறன், அதாவது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை, இயந்திரம் முன்பக்கம் கவிழும் எடையில் 35 சதவீதம்தான். மலிவு இயந்திரங்களின் விளம்பரங்களில் கவிழும் எடையையோ, ஹைட்ரோலிக்கால் தூக்க முடிந்த உச்ச எடையையோ பெரிய எழுத்தில் போட்டிருப்பதுண்டு. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவராமல் பார்த்தால், இறக்குமதி இயந்திரம் டிங்கோவை விடப் பலசாலி என்ற தவறான எண்ணம்தான் வரும். ஒரு பலட் இன்டர்லாக் கல்லை அப்படியே தூக்கலாம் என்ற நம்பிக்கையில் எவரும் இந்த வகை எதையும் வாங்க வேண்டாம்.

எஞ்சினில் இரண்டு பிரிவுகள் உண்டு. மலிவு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் இருக்கும். சிலவற்றில் அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். சிலவற்றில் சொங்சிங்கில் தயாராகும் ராட்டோ போன்றவை. கொஞ்சம் கூடிய விலைக்கு குபோட்டா டீசல் பூட்டியவையும் வருகின்றன. பெயர்பெற்ற டீசல் இயந்திரங்கள் பலவும்கூட 25 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன; அதற்கு மேலே போனால் கடுமையான புகைக்கட்டுப்பாட்டு விதிகள் தொடங்கி, கரித்துகள் ஃபில்டரும் அதன் பராமரிப்பும் சேர்ந்துவிடும் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். பெற்றோலோ டீசலோ, எஞ்சினில் ஆங்கிலத்தில் அச்சிட்ட புகைத்தரச் சான்றுத் தகடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தகட்டில் உள்ள மாதிரி எண்தான் பின்னர் காபரேற்றர், ஸ்டார்ட்டர், பெற்றோல் பம்ப் எல்லாவற்றையும் தேடி வாங்க உதவப்போகிறது. இறக்குமதி டீசலை நான் சொந்தமாக ஓட்டவில்லை. ஆகவே கீழே சொல்வது பெற்றோல் இயந்திர அனுபவம்.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விடயத்துக்கு வருகிறேன். இயந்திரம் நிச்சயம் ஒருநாள் நிற்கும். நின்றால் அது எத்தனை நாளில் மீண்டும் ஓடும் என்பதே கேள்வி. பெயர்பெற்ற இயந்திரமென்றால் தொடர் இலக்கத்தைச் சொன்னதும் முகவர் படத்தைத் திறந்து பாக எண்ணைத் தந்துவிடுவார். இறக்குமதி இயந்திரத்துக்கு அப்படி ஒரு பாகநூல் இல்லை. கூட வரும் சிறு கையேடு பெரும்பாலும் வேறொரு மாதிரிக்கு எழுதப்பட்டதாக இருக்கும். இறக்கி விற்றவரை அழைத்தால் சில நேரம் பதில் வரும், சில நேரம் வராது. எனவே பாகநூலை நாமே எழுத வேண்டும். அதுவும் எதுவும் உடைவதற்கு முன்னால், இயந்திரம் சுத்தமாக இருக்கும் முதல் வாரங்களிலேயே எழுத வேண்டும்.

நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவை இவைதாம். பெயரிங்குகளின் எண்: 6205 என்று பொறித்திருந்தால் உலகில் எங்கும் அது 25 மில்லிமீற்றர் உள்விட்டம், 52 வெளிவிட்டம், 15 அகலம். ஒயில் சீல்களின் மூன்று அளவுகள். ட்ராக்கை ஓட்டும் ஹைட்ரோலிக் மோட்டாரின் தகட்டில் உள்ள எழுத்தும் எண்ணும்: பிஎம்ஆர் என்று தொடங்கினால் அது டான்ஃபொஸ் நிறுவனத்தின் ஓஎம்ஆர் வகையைப் பின்பற்றியது, கொள்ளளவு, தண்டின் வடிவம், பூட்டும் துளைகள் மூன்றும் ஒத்துப்போனால் இங்கேயே மாற்று வாங்கலாம். ரப்பர் ட்ராக்கின் உட்புறத்தில் உள்ள மூன்று எண்கள்: 180, 72, 37 என்று இருந்தால் முதலாவது மில்லிமீற்றரில் அகலம், இரண்டாவது இரு கண்ணிகளுக்கு இடையேயுள்ள தூரம், மூன்றாவது கண்ணிகளின் எண்ணிக்கை. ஹைட்ரோலிக் ஃபில்டரின் புரி அளவும் ரப்பர் வளையத்தின் விட்டமும். ஒவ்வொரு ஹோஸின் நீளமும் இரு முனைகளின் வகையும்.

இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது; ஏனென்றால் இந்த இயந்திரங்களில் முதலில் தொல்லை தருவது ஹோஸ் முனைகளே. உதாரணமாக, தூக்கும் சிலிண்டருக்குப் போகும் ஹோஸின் முனை கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி, விட்டம் அளக்கும் வேர்னியரில் புரியை அளந்தால் 22 மில்லிமீற்றர் காட்டும். வட அமெரிக்கக் கடைகளில் பரவலாக உள்ள ஜேஐசி வகையின் 10ஆம் இலக்க முனை 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். தேய்ந்த புரியில் இந்த வேறுபாட்டை வேர்னியரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. புரிகளின் இடைவெளியை அளக்கும் பல்லுத் தகடான பிட்ச் கேஜை எடுத்துப் புரியில் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். 1.5 மில்லிமீற்றர்ப் பல்லு இடைவெளியின்றி உட்கார்ந்தால் அது மெற்றிக். ஜேஐசியில் அங்குலத்துக்கு 14 புரிகள், அதாவது ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர். கூம்புக் கோணமும் வேறு: மெற்றிக் 24 பாகை வகை, ஜேஐசி 37 பாகை வகை. இதைப் பாராமல் ஒன்றை மற்றதில் பூட்டினால் முதல் ஓரிரு சுற்று கையாலேயே போகும், பிறகு இறுகும்; ஸ்பனரை வைத்து வலிந்து திருகினால் வால்வின் புரியே நாசமாகிவிடும். பழைய முனையைக் கையில் எடுத்துக்கொண்டு, அளவையும் சொல்லி, மெற்றிக் முனைகள் வைத்திருக்கும் ஹோஸ் கடைக்குப் போனால், நீங்கள் காத்திருக்கும்போதே புதியதை அழுத்தித் தந்துவிடுவார்கள். சீனாவிலிருந்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

கசிவைத் தேடும்போது கையால் ஹோஸைத் தடவக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசித்துளையால் சீறும் ஒயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும், உடனே அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். இயந்திரத்தின் தூக்கிய கையின் கீழே, தாங்கியைப் பூட்டாமல், எந்த வேலையும் செய்யாதீர்கள்.

இரண்டாவது தொல்லை, தொழிற்சாலையில் ஊற்றி அனுப்பும் ஹைட்ரோலிக் ஒயில். அது என்ன தரம் என்று தெரியாது. தொட்டிக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் வெட்டிய இரும்புத் துகளும் வெல்டிங் கசடும் மிச்சமிருக்கக்கூடும். கியர் பம்பும் மோட்டாரும் நுணுக்கமான இடைவெளியில் சுழல்பவை. இந்தத் துகள்கள் அவற்றை உள்ளிருந்தே அராவித் தின்றுவிடும். நான் வேலையைத் தொடங்குமுன் முழுவதையும் இறக்கி, தொட்டியைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, ஏடபிள்யூ 46 என்ற தர ஹைட்ரோலிக் ஒயிலை ஊற்றினேன். பனிக்காலத்திலும் ஓட்டுபவர்களுக்கு அதைவிட இளகிய 32 நல்லது. கழற்றிய ஃபில்டரை அறுத்து உள்ளே காந்தம் பிடித்துப் பார்ப்பது அடுத்தடுத்த மாற்றங்களிலும் தொடர வேண்டிய பழக்கம். கோடையில் ஓகரை விடாமல் ஓட்டினால் ஒயில் சூடேறும். 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் சீல்களின் ஆயுள் குறையத் தொடங்கும். ஒயில் கூலர் இல்லாத மாதிரிகளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். புது எஞ்சினின் முதல் ஒயிலையும் நூறு மணித்தியாலம்வரை வைத்திருக்காமல் முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. போல்ட்டுகள் அதிர்வில் தளரும். ஒவ்வொன்றாகக் கழற்றி, புரிப்பசை பூசி, மீண்டும் இறுக்க ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

எண்ணைச் சொல்லி வாங்க முடியாத பாகங்களும் உண்டு. தூக்கும் கை, அதன் பின்கள், உடல் தகடுகள் இவை அந்த ஒரு தொழிற்சாலையின் அளவில் மட்டுமே இருக்கும். பின்களைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். வெடித்த கையை நல்ல வெல்டர் ஒருவர் வலுவூட்டித் தருவார். புஷ் (தேய்ந்தால் மாற்றக்கூடிய உள்வளையம்) இல்லாத மூட்டுகள் விரைவாகத் தேய்வதால் கிறீஸ் அடிப்பதை வேலைநாள் ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டும். இணைப்புகளை மாட்டும் முன்தட்டு, பல நிறுவனங்களின் இணைப்புகளுக்கும் பொதுவான சிஐஐ அளவு என்று எழுதியிருந்தாலும், ஏலத்துக்கு முன் ஒரு பக்கட்டை மாட்டிப் பார்ப்பதே நம்பகமானது. கோணம் சற்றுப் பிசகினாலும் பூட்டும் பின்கள் துளையில் விழாது.

பழைய பெயர்பெற்ற இயந்திரத்தின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1950களின் பிற்பகுதியில் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் வான்கோழிப் பண்ணை ஒன்றைச் சுத்தம் செய்யச் சிறு லோடர் ஒன்றை உருவாக்கியதில் தொடங்குவது பொப்கட்டின் கதை. அத்தனை தசாப்த அனுபவம் வெல்டிங்கிலும் பின்களின் கடினத்திலும் தெரிகிறது. பிஸ்டன் பம்ப் ஒயிலின் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தைச் சீராக மாற்றும் ஹைட்ரோஸ்டாடிக் ஓட்டமுள்ள இயந்திரத்தில் நின்றால், வீட்டுச் சுவரிலிருந்து ஓரங்குலம் விலகி நகர்வது இலகு. என்னுடையது வால்வு நெம்பை அசைத்தவுடன் துள்ளும், கை பழகச் சில வாரம் எடுக்கும். பாதுகாப்பு ஏற்பாடுகளும், ஓட்டுபவர் இறங்கினால் இயக்கம் நிற்பது உட்பட, அவற்றில் நம்பகமாக இருக்கும். இறக்குமதியில் அவை வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தே எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பிஸ்டன் பம்ப் தேய்ந்த நிலையில் வாங்கி மாட்டிக்கொண்டால் செலவு ஆயிரங்களில் போகும். 2,000 மணித்தியால இயந்திரத்தில் எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது முந்தைய உரிமையாளரின் பராமரிப்பைப் பொறுத்தது. அதற்குச் சான்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அதே பணத்தில் பாதிக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று நானே கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்ட இயந்திரம் எனக்குப் போதும்.

மறுவிற்பனையில் பெயர்பெற்றதே சந்தேகமின்றி வெல்லும். ஐந்தாண்டு கழித்தும் அதற்கு வாங்குபவர் இருப்பார். என்னுடையதற்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, நான் அதைப் பூச்சியமென்றே கணக்கில் வைத்திருக்கிறேன். சில நூறு மணித்தியாலங்களுக்கு மேல் ஓடும்போது சட்டகம் எப்படித் தாங்கும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை. ஆகவே தினமும் ஆட்களை வைத்து ஓட்டுபவர்கள், ஒருநாள் நின்றாலும் ஒப்பந்தம் கைநழுவும் நிலையில் உள்ளவர்கள், முகவர் அருகில் இருக்கும் பழைய இயந்திரத்துக்கே போகலாம். வாரத்தில் இரண்டொரு நாள் ஓட்டி, மழை நாட்களில் கராஜில் அதைத் திருத்த நேரம் உள்ளவர்கள், ஏல முற்றத்துக்குப் போகும்போது வேர்னியரும் பிட்ச் கேஜும் கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். எஞ்சின் தகட்டையும் மோட்டார்த் தகட்டையும் ட்ராக் எண்களையும் படமெடுத்து, அந்த எண்களுக்குப் பாகம் இங்கே கிடைக்கிறதா என்று கடைகளில் கேட்டுவிட்டு, அதன் பிறகே விலை கேளுங்கள்.