அணையைப் பற்றி எங்கே உட்கார்ந்து பேசுவது?

கூடலூரில் பஸ் ஏறினால் லோயர் கேம்ப், அப்புறம் மலைப்பாதை, அப்புறம் குமுளி. தமிழ்நாட்டு பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி, சோதனைச் சாவடியை நடந்தே தாண்டினால் கேரளம். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும். சாவடிக்கு இந்தப் பக்கம் டீ குடித்தால், “அணை மலை மாதிரி நிக்குது” என்பார்கள். நூறு தப்படி நடந்து அந்தப் பக்கம் டீ குடித்தால், “எப்ப வேணும்னாலும் போகும்” என்பார்கள். கேரளத்தில் இருக்கிற, தமிழ்நாடு தண்ணீர் எடுக்கிற முல்லைப்பெரியாறு அணையைப் பற்றிய சண்டையை இருபது வருடமாகப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், சில இடங்களில் நானும் கத்தியிருக்கிறேன்.

அணை தாங்குமா தாங்காதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இந்த மாதிரித் தொழில்நுட்ப விஷயத்தை என்னைப் போன்றவர்கள் எங்கே பேசினால் கொஞ்சமாவது விளங்குகிறது என்பதில் அனுபவம் உண்டு. டீக்கடை, வாட்ஸ்அப் குழு, அறிவியல் கூட்டம், கோர்ட்டு. நான்கையும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பார்க்கிறேன்: ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால், “அது எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்க முடிகிறதா? கேட்டால் பதில் சொல்ல ஆள் அங்கே இருக்கிறாரா?

முதலில் டீக்கடை. நான் வழக்கமாகப் போகிற கடைக்காரச் சேட்டனுக்குச் சொந்த ஊர் சப்பாத்து. அணைக்குக் கீழே, பெரியாற்றங்கரையில் இருக்கிற ஊர். புது அணை வேண்டும் என்று வருடக்கணக்கில் உண்ணாவிரதப் பந்தல் போட்டிருந்தது அங்கேதான். ஒரு நாள் நான், நம் பக்கம் எல்லோரும் எடுத்துவிடுகிற வாதத்தை எடுத்துவிட்டேன். “பெரியாறு முழுசா பதினைஞ்சரை டிஎம்சி. அதுக்குக் கீழ இருக்கிற இடுக்கி அணை எழுபது டிஎம்சி. அப்படியே உடைஞ்சாலும் தண்ணி இடுக்கிக்குத்தானே சேட்டா போகும்? அது தாங்காதா?”

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தவில்லை. “இடுக்கி வரும்தன்னே, அதுக்கு முன்னாடி எங்க அம்மை வீடு உண்டு அண்ணாச்சி.”

அதற்கே எனக்குப் பதில் இல்லை. அடுத்ததையும் கேட்டார். “இடுக்கி காலியா கிடந்தா தாங்கும். 2018 ஆகஸ்டுல காலியாவா கிடந்துச்சு?” அந்த மாதம் 9ஆம் தேதி, இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி ஷட்டரை 26 வருடம் கழித்துத் திறந்தார்கள். 15ஆம் தேதி பெரியாறு, தேக்க அனுமதி உள்ள உச்சமான 142 அடியைத் தொட்டது. ஒரே வாரத்தில் இரண்டும் தளும்பி நின்றன. பதினைந்தரை, எழுபது என்று நான் சொன்ன கணக்கு தப்பில்லை. வாளி காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் சொன்னதுதான் தப்பு.

ஆனால் சேட்டனும் அன்றைக்கு முழுசாக ஜெயிக்கவில்லை. “சுண்ணாம்பும் செங்கல்பொடிச் சுர்க்கியும் வெச்சு 1895ல கட்டினது. எத்தனை நாளைக்கு?” என்றார். பக்கத்தில் எங்கள் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், இளவட்டமாக இருந்தபோது, அணையைப் பலப்படுத்திய வேலையில் சிமெண்டு சுமந்தவர். பெஞ்சில் இரண்டு கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, தினசரியை மடித்து நிறுத்திக் காட்டினார். “இது பழைய சுவரு. தன்னோட கனத்துலதான் நிக்குது. அந்தக் கனம் பத்தலன்னு மேல காங்கிரீட்டுத் தொப்பி போட்டோம். மேலேயிருந்து துளை போட்டு, அடிப்பாறை வரைக்கும் இரும்புக் கம்பிவடத்தை இறக்கி இழுத்துக் கட்டுனாக. பின்னால முட்டுக் குடுத்த மாதிரி இன்னொரு காங்கிரீட்டு.” 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்ததே இந்த வேலைகளுக்காகத்தான்.

சேட்டனுக்கு அது புதுச் செய்தி. கொஞ்ச நேரம் மடித்த பேப்பரையே பார்த்தார். “செரி. அந்தக் கம்பி இப்ப எப்படி இருக்கு? யாராச்சும் பாத்தாங்களா?”

“அது எனக்குத் தெரியாது” என்றார் மாமா.

இந்த ஒரு சொல்லுக்காகவே டீக்கடைக்கு நான் நிறைய மார்க் போடுவேன். அங்கே அப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணம் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை நான் மறுபடியும் டீ குடிக்க வருவேன், அவர் ஆற்றித் தர வேண்டும். முகத்தைப் பார்த்தாக வேண்டிய இடத்தில் புளுகுக்கு ஆயுசு கம்மி. அதோடு, பெஞ்சில் எப்போதும் பேப்பர் கிடக்கும். பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை என்று தினமும் வரும். 104 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் நம் பக்கம் தண்ணீர் கொண்டுவருகிற சுரங்கத்தின் வாய்க்கு எட்டாது, நமக்கு வராது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் போடுகிற எந்த விவசாயிக்கும் தெரியும். மற்ற ஊரில் இருந்து பேசுகிறவர்கள் 142 அடியும் நாம் குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துப் பேசுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தினமும் விடியற்காலை கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அணை விஷயத்தில் இரண்டு பக்கமும் பிழைப்பு இருப்பது அவர்களுக்குத்தான். இன்னொன்று, 2011 டிசம்பர். நில அதிர்வு, வதந்தி, கல்வீச்சு என்று குமுளிச் சாலையே பல நாள் மூடிக் கிடந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசுகிற இடமே இல்லாமல் போனது.

அடுத்து வாட்ஸ்அப் குழு. இங்கே என் மானம் போன கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு மழைக்காலம். சுவரின் நடுவிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற படம், மேலே “பெரியாறு அணையில் விரிசல்! மறைக்கிறார்கள்!” என்று சிவப்பு எழுத்து. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. யோசிக்காமல் இரண்டு குழுக்களுக்குத் தள்ளிவிட்டேன். எட்டாம் வகுப்பு படிக்கிற அண்ணன் மகன் என் போனை வாங்கிப் பார்த்தான். “சித்தப்பா, நம்ம அணை நேராத்தானே இருக்கும்? இது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு.”

போன வருடம்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன், இடுக்கியை. வளைந்த அணை தண்ணீரின் தள்ளலை இரண்டு பக்க மலைக்கும் கடத்திவிடும். பெரியாறு மாதிரி நேர்ச்சுவர் கனத்தால் நிற்கும் என்று அவனுக்கு நானே சொன்னது. அவனுக்கு நினைவிருந்தது, எனக்கு இல்லை. இரண்டு குழுவிலும் படத்தை அழித்துவிட்டு, “தவறான படம், மன்னிக்கவும்” என்று போட்டேன். அதற்குள் அது எங்கெங்கேயோ போய்விட்டது. தூரத்து உறவு ஒருவர் எனக்குப் பதில் போட்டார்: “வளைவோ நேரோ தம்பி, எச்சரிக்கையா இருக்கறது நல்லதுதானே.” இதற்கு என்ன பதில் சொல்வது?

இருந்தாலும் குழுவை ஒரேயடியாகத் தள்ள மனசு வரவில்லை. டீக்கடையில் இடம் கிடைக்காத என் மதினி கேட்ட கேள்விதான் நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி. “136க்கும் 142க்கும் ஆறு அடிதானே வித்தியாசம்? எங்க வீட்டுத் தொட்டியிலயே ஆறு அடி இருக்கு. இதுக்கு எதுக்கு இத்தனை வருஷம் கோர்ட்டு?” பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவில், துபாயில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை பதில் போட்டார். தொட்டி மேலும் கீழும் ஒரே அகலம். மலைக்கு நடுவில் தேங்குகிற தண்ணீர் குழம்புக் கிண்ணம் மாதிரி. மேலே போகப் போக அகலும். அடியில் ஆறு அடியும், விளிம்பில் ஆறு அடியும் ஒரே அளவு ஆகாது. கையால் கிண்ணம் வரைந்து படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த ஒரு படத்துக்காக நான் இன்னும் குழுவில் இருக்கிறேன்.

கோர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2006 பிப்ரவரியில் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. அடுத்த மாதமே கேரளம் 136க்கு மேல் கூடாது என்று சட்டம் திருத்தியது. 2010இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையில் ஐந்து பேர் குழு போட்டார்கள். இரண்டு மாநிலத்துக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி அதில் உண்டு. அணை உறுதியாக இருக்கிறது என்று 2012 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார்கள். கேரளத்தின் சட்டம் செல்லாது, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7ஆம் தேதி தீர்ப்பு. அந்த நவம்பரில் 35 வருடம் கழித்துத் தண்ணீர் 142ஐத் தொட்டது. எண் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வருகிற இடம் இதுதான், சந்தேகமே இல்லை. அணைக்குள் 10 அடி, 45 அடி மட்டத்தில் இருக்கிற நடைச்சுரங்கத்தில் நின்று கசிவை அளந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கையை முழுசாகப் படித்த ஒருவரைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் நான் பார்த்ததில்லை, அந்தப் பக்கமும் பார்த்ததில்லை. நானும் படிக்கவில்லை. சப்பாத்தில் இருக்கிற சேட்டனின் அம்மாவுக்குத் தீர்ப்பு வந்த பிறகும் தூக்கம் வரவில்லை.

இதுவரை படித்தால் டீக்கடைக்கே முதலிடம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நியூட்ரினோ வரும்வரை.

தேவாரம் பக்கம், போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ என்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை ஆராய ஆய்வகம் வருகிறது என்றார்கள். 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எங்கள் டீக்கடை பெஞ்சு அன்றைக்குப் பரிதாபமாகத் தோற்றது. அமெரிக்காவிலிருந்து கதிர் விடுவார்கள், கிணற்றுத் தண்ணீர் விஷமாகும், ஏலக்காய் பூக்காது. நானும் தலையாட்டினேன். அணை என்றால் மாமா சிமெண்டு சுமந்திருக்கிறார், சேட்டன் அதன் கீழே பிறந்திருக்கிறார். நியூட்ரினோவை யார் தொட்டார்கள்? கையால் தொட்ட விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருக்கிற அதே ஆட்கள், தொடாத விஷயத்தில் முதலில் கத்துகிறவன் பின்னால் போய்விடுகிறார்கள். கத்துகிறவனிடம் “தெரியாது” என்ற சொல் இல்லை.

இங்கே உதவியது ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டம். பேச வந்தவர் கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் கட்டினார். வலைக்குள் காற்று போகிற மாதிரி, சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோ நம் உடம்புக்குள் போகிறது; ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி. இப்போதும், ராத்திரியும், ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும். மலைக்குள் வைக்கிற 50,000 டன் இரும்பு, நம் காற்றுமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோவில் ஒன்றிரண்டு மோதினால் பதிவு செய்யத்தான். வானத்திலிருந்து வருகிற மற்ற துகள்களை வடிகட்ட மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை வேண்டும், அதற்காகத்தான் மலை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலேயே இதைப் பிடித்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் என் பயம் போய்விட்டது.

அப்போது பின்வரிசையில் ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் எழுந்தார். “காத்து வலைக்குள்ள போகுது, சரி. ரெண்டு கிலோமீட்டரு மலையைக் குடைவீகல்ல, அந்தக் கல்லை எங்க கொட்டுவீக? நாங்க ஆடு மேக்கிற எடத்துலயா?” பேச வந்தவர் மடிக்கணினியில் படங்களை முன்னும் பின்னும் தள்ளினார். அதற்கான படம் கிடைக்கவில்லை.

கூட்டத்தின் பலமும் ஓட்டையும் அதுதான். சொல்லித் தர வந்திருக்கிறார்கள். கேட்க வேண்டியிருக்கும் என்று தயாராகி வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இது பழைய பழக்கம். 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அமைதிப் பள்ளத்தாக்கு மின்திட்டம் வந்தபோது செலவு, மின்சாரம், காடு என்று கணக்குப் போட்டுப் புத்தகமாகவே கொண்டுவந்து ஊர் ஊராக வாதாடியது. 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கம் அறிவியல் இயக்கம் 1980இலிருந்து இருக்கிறது. ஆனாலும் அணை விஷயத்தில் இரண்டு மாநில ஆட்களையும் ஒரே பாயில் உட்கார வைத்த கூட்டம் எதற்கும் நான் இதுவரை போனதில்லை.

நியூட்ரினோவில் கடைசியில் நடந்தது எந்த வாதத்திலும் வராத ஒன்று. திட்ட இடத்திலிருந்து கேரளத்தின் மதிகெட்டான் சோலைப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் வருகிறது. அதனால் மேல்நிலை ஆய்வு தேவை என்று சொல்லி 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022இல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. கதிர் என்று கத்திய நாங்கள் யாரும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. எல்லையிலேயே குடியிருந்தும் எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கத் தோன்றவில்லை.

இப்போது யாராவது என்னிடம் எங்கே பேசலாம் என்று கேட்டால், அணை என்றால் குமுளிக்கு வாருங்கள் என்பேன், கையில் அன்றைய பேப்பரோடு. கண்ணால் பார்க்க முடியாத விஷயம் என்றால் கூட்டம், ஆனால் ஆடு மேய்க்கிறவர்களுக்கு முன்வரிசை போட வேண்டும். குழுவைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன். மதினி எழுதினால் மட்டும் திறப்பேன்.

கம்பிவடம் இப்போது எப்படி இருக்கிறது என்ற சேட்டனின் கேள்வி மாமாவை விடவில்லை. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்துவிட்டாராம். வருகிற வியாழக்கிழமை குமுளிக்குக் கூட்டி வருகிறார். சேட்டனிடம் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார்: “சத்தம் போடுற ஆளா?”