மலைக்கிராமக் காதல்: டி. இ. ஸ்டீவன்சனின் மூன்று நாவல்கள்

பழைய பாணி ஸ்காட்லாந்துக் கிராமக் காதல் கதைகளுக்கு ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சனின் இந்த மூன்று தொடர் நாவல்களைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 'விட்டோரியா காட்டேஜ்' (1949) பெரும்பாலும் இங்கிலாந்தில் நடப்பது, அவசரமென்றால் தாண்டிவிடலாம். உயிர் 'மியூசிக் இன் தி ஹில்ஸ்' (1950) நாவலில்தான். காதலில் அடிபட்ட ஜேம்ஸ், ஆட்டுப் பண்ணைத் தொழில் கற்க அம்மாவின் சகோதரி வீட்டுக்கு வருகிறான். மந்தை, மழை, அடுப்பங்கரைத் தேநீர் என்று கதை நிதானமாக நகரும். பரபரப்பை எதிர்பார்த்தால் முதல் ஐம்பது பக்கத்திலேயே சலித்துவிடும்.

மூன்றாவதான 'விண்டர் அண்ட் ரஃப் வெதர்' (1951) நாவலில் ஓவியர் ரோடா, மணமாகி வந்த ஒதுக்குப்புறப் பண்ணைவீட்டில் தூரிகையைத் தொடாமலே நாளைக் கழிக்கிறாள். அந்தப் பகுதி அபாரம்!

வாங்கும்போது கவனம்: இந்த மூன்றாவது நாவல் அமெரிக்காவில் 'ஷோல்டர் தி ஸ்கை' என்ற பெயரில் வந்தது. இரண்டும் ஒரே நாவல். வட்டாரச் சொற்களில் 'கென்' என்றால் தெரியும், 'பெய்ர்ன்' குழந்தை, 'பையர்' மாட்டுத்தொழுவம்.