குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா: உங்கள் வீட்டுக்கு எந்த மல்லிகை?

நர்சரியில் மல்லிகை நாற்றுகள் பெரும்பாலும் பூவில்லாமல்தான் விற்பனைக்கு இருக்கும். பெயர்ச்சீட்டும் அடிக்கடி மாறிப்போகும். ஆகவே இலையைப் பார்த்து வாங்குங்கள்.

குண்டுமல்லிக்குக் காம்புக்கு ஒரே இலைதான். அகலமாகவும் பளபளப்பாகவும் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். ஜாதிமல்லி என்றும் அழைக்கப்படும் பிச்சிக்கு ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள் வரை இருக்கும். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். குழப்புவது முல்லைதான். நடுவில் பெரிய சிற்றிலை ஒன்று, அதன் அடியில் காதுமடல் போல மிகச் சிறியவை இரண்டு. அந்தச் சிறிய இரண்டும் உதிர்ந்திருந்தால் குண்டுமல்லி என்று ஏமாந்துவிடுவோம். முல்லை இலையில் பளபளப்பு இருக்காது, தடவினால் மெல்லிய சுணை தெரியும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் பிச்சி என்று முடிவுகட்ட வேண்டாம், நித்தியமல்லிக்கும் அந்தச் சாயல் உண்டு. ஆனால் நித்தியமல்லிக்குக் காம்புக்கு ஒரே இலை, பூவில் ஒடுங்கிய இதழ்கள் அதிகம்.

'மதுரை மல்லி நாற்று' என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்கத் தேவையில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவும் குண்டுமல்லிச் செடியில் பூப்பதுதான். அதற்கான நாற்றுகள் பெருமளவில் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து போகின்றன.

மொட்டைமாடித் தொட்டி என்றால் குண்டுமல்லியைத் தவிர வேறு யோசனை வேண்டாம். புதராக அடங்கி வளரும். 15 அங்குலத் தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில். இதில் வெயில் குறைந்தால் வேறு எதைக் கூட்டியும் பயனில்லை, இலைதான் பெருகும். பிச்சி படர்ந்து நீளும் இனம். தொட்டியில் அதை அடைப்பது செடிக்குச் செய்யும் கொடுமை. தரையில் ஒன்றரை அடிக் குழியும் சாய்ந்துகொள்ள ஒரு கம்பிவேலியும் இருந்தால் வையுங்கள். அடுத்த செடிக்கு ஐந்தாறு அடி விட வேண்டும். முல்லைக்கு ஐந்தடி, குண்டுமல்லிக்கு நான்கடி போதும்.

வீட்டுத் தோட்டத்தில் மல்லிகை பூக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கவாத்து (பழைய கிளைகளை வெட்டிவிடுவது) செய்யாததே காரணம். மூன்றுமே புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை வெட்ட மனம் வராமல் விட்டால் செடி உயரும், பூ குறையும். மூன்றுக்கும் ஒரே நாளில் கத்தரி எடுப்பதும் தவறு. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்தில் 75 செ.மீ. உயரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் 45 செ.மீ. உயரத்திலும் வெட்டுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெட்டியபின் மிச்ச இலைகளை உருவி, காய்ந்த குச்சிகளை நீக்கி, வேர்ப்பகுதியைக் கொத்தி உரமிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

தரையில் வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரம், யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். ரசாயன உரங்களைக் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன்–ஜூலையில் மீதி என்று பிரித்துக் கொடுங்கள். தொட்டிச் செடிக்கு இந்த அளவு போட்டால் வேர் கருகிவிடும். அதற்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போதும். பூ இல்லையே என்று யூரியாவைக் கூட்டுபவர்கள் பலர். தழை ஏறும், இருக்கிற மொட்டும் குறையும்.

பூச்சித் தொல்லையிலும் மூன்றும் வேறுவேறு. குண்டுமல்லிக்கு மொட்டுப்புழு. மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும், மொட்டு ஊதா நிறமாகிக் காயும். அத்தகைய மொட்டுகளைச் செடியிலேயே விடாமல் கிள்ளி அழியுங்கள், பிறகு வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். மொட்டின் அடிப்பகுதி வீங்கிச் சிவந்தால் அது மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் என்பதால் செடியடி மண்ணைக் கிளறி வேப்பம்புண்ணாக்கு இடுவது அவசியம். முல்லையில் இலையும் தண்டும் வெள்ளைக் கம்பளி பூத்ததுபோல் ஆனால் அது சிலந்திப்பேனின் வேலை. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். அதைவிட, அதைத் தாங்கும் பரிமுல்லை ரகத்தையே முதலில் தேடி வாங்குவது நல்லது.

மூன்றிலும் வரும் ஒன்று இலை மஞ்சளிப்பு. உடனே தண்ணீரைக் கூட்டாதீர்கள், எந்த இலை என்று பாருங்கள். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) கலந்து மாலையில் இலைமேல் தெளித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி தெளியுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி, மண்ணும் சதா ஈரமாகவே இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். தொட்டியின் வடிகால் துளையைக் குத்திவிட்டு, மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.