காந்தம் ஒட்டாத கிரில்

பழைய கேஸ் கிரில் பார்க்கப் போகிறவரின் பையில் ஒரு காந்தம் இருக்க வேண்டும். விற்பவர் முதலில் பற்றவைத்துச் சுடரைத்தான் காட்டுவார். சுடர் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? பர்னர் கெட்டிருந்தால் வேறு வாங்கிப் பொருத்தலாம், உடல் கெட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நான் வாங்கிய உயர்தர கிரில்லில் மூடி, அடுப்புப் பெட்டி, கீழே சிலிண்டர் நிற்கும் அலமாரி, கதவின் உட்புறம் என எங்கு வைத்தாலும் காந்தம் வழுக்கி விழுந்தது. வளைத்த ஓரங்களில் மட்டும் லேசான இழுப்பு. நிக்கல் கலந்த, எளிதில் துருப்பிடிக்காத 304 ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது; அந்தத் தகட்டைச் சூடாக்காமல் வளைத்த இடத்தில் மட்டும் அப்படி லேசாக இழுப்பது இயல்பு. நிக்கல் இல்லாத 430 ரகமாக இருந்தால் எல்லா இடத்திலும் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால், வெல்டிங் மூட்டுகளின் ஓரத்தில் துரு தெரிகிறதா என்றும் குனிந்து பார்த்தேன். இல்லை. பேரம் முடிந்தது.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு: பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும் கேஸ் வகை. சிலிண்டரில் வரும் புரொபேனுக்கான பித்தளை ஜெட்டின், அதாவது கேஸ் பீறிடும் முனையின், துளை சிறியது. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கான துளை பெரியது, அழுத்தமும் குறைவு. இயற்கை எரிவாயு ஜெட்டுடன் புரொபேன் சிலிண்டரை இணைத்தால் எழும் தீ புருவத்தோடு நிற்காது. அதே தகட்டில் உள்ள மாடல் எண்ணை வைத்து உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்றும் தேடிப் பார்த்துவிட வேண்டும். இந்த மாடலுக்குக் கிடைக்கிறது, பின்புற இன்ஃப்ராரெட் பர்னரின் பீங்கான் பலகை உட்பட.

உள்ளே பார்த்தால் உபயோகத்தைவிடப் புறக்கணிப்புதான் அதிகம். கொழுப்பு கரியாக இறுகி அடித்தட்டையே மறைத்திருந்தது. வார்ப்பு எவர்சில்வர் பர்னர்கள் நான்கும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றின் மேல் கூரைபோல் நிற்கும் வெப்பத் தகடுகள் ஓட்டை, பற்றவைக்கும் ஒயர்கள் கருகல், ரப்பர் குழாயில் வெடிப்பு. தகடு, ஒயர், குழாய், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றினேன்.

ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. காரணம் சிலந்தி. ஜெட்டிலிருந்து கேஸ் பாயும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் போக வேண்டும். சிலந்தி கூடு கட்டுவது சரியாக அந்த வாயில்தான். கூடு பெரிதானால் கேஸ் பின்னால் திரும்பி, குமிழ்களுக்குப் பின்னேயே எரியத் தொடங்கும். வளையும் நீள பிரஷ்ஷை விட்டு எடுத்ததும் சுடர் நீலமானது. ஜெட்டில் ஊசி விடக் கூடாது; துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான்.

இந்தத் தரத்துப் பொருளில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் திருகாணிகள். உடல் முழுக்க 304 போட்டுவிட்டு, அடுப்புப் பெட்டிக்குள் துத்தநாகப் பூச்சுத் திருகாணி வைக்க யாருக்கு மனம் வந்தது? எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைத்தும் அசையாதவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு எவர்சில்வர் திருகாணிகளை, மரையில் இறுக்கம் தடுக்கும் பசை தடவிப் போட்டிருக்கிறேன்.

துடைப்பதில் அவசரம் உதவாது. பிளாஸ்டிக் சுரண்டி, சுடுநீர், கொழுப்பு நீக்கி, அதன்பின் நார்ப் பட்டையால் தகட்டின் கோடு ஓடும் திசையிலேயே தேய்ப்பு. சாதாரண இரும்பு நார் விட்டுச்செல்லும் துகள்கள் பின்னால் துருப் புள்ளிகளாகும். மூடியின் உட்புறத்தில் வெப்பத்தால் படிந்த பொன்னிறத்தை அப்படியே விட்டுவிட்டேன். கடைப் பளபளப்பு எனக்கு வேண்டாம்.

கீழ் அலமாரியின் காற்றுத் துளைகளை முந்தைய உரிமையாளர் ஒட்டுநாடாவால் அடைத்திருந்தார், தூசி வராமலிருக்கவாம். புரொபேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம்; கசிந்தால் கீழேதான் தேங்கும். அது வெளியேறத்தான் அந்தத் துளைகள். நாடாவைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே தீக்குச்சியைத் தொட்டேன்.

முதல் முறை சூடே ஏறவில்லை. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், கசிவு என்று நினைத்து ரெகுலேட்டர் கேஸ் ஓட்டத்தைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, வால்வை மெல்லத் திறந்ததும் சரியானது. பழைய கிரில்லைக் கழித்துக்கட்டும் பலர் இதைத்தான் கோளாறு என்று நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இப்போது எரிகிற விதம்? இரட்டைச் சுவர் மூடி சூட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இன்ஃப்ராரெட் பர்னர் சில நிமிடங்களில் செந்தணலாகி, கம்பியில் சுழலும் இறைச்சியின் மேற்புறத்தைச் சீராக முறுகவைக்கிறது. மெல்லிய தீயில்தான் இது சோடை: குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பினாலும் சூடு அதிகம். நிதானமாக வேகவேண்டியதற்கு ஓரத்து பர்னர் ஒன்றை மட்டும் எரியவிட்டு, பொருளை எதிர்ப்பக்கம் வைக்கிறேன். மூடியில் உள்ள வெப்பமானியை நம்புவதில்லை. அது காட்டுவது உச்சியில் இருக்கும் காற்றின் சூட்டை, கம்பித்தட்டின் சூட்டை அல்ல. தனி வெப்பமானி ஒன்றைத் தட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.