ஏரியைச் சுற்றி இருவர் நடக்க: கொடைக்கானலா, கண்டியா, ஏற்காடா, ஊட்டியா?

இருவர் கைகோத்து நடக்க நாலடி அகலம் வேண்டும். வழி அதைவிடக் குறுகினால் ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே என்றாகிவிடும், பேச்சும் அறுந்துபோகும். மலையூர் ஏரிகளை மாலை நடைக்காக ஒப்பிடும்போது படகுகளின் எண்ணிக்கையும் பூங்காவின் பரப்பும் பெரிய விஷயமே இல்லை. அந்த நாலடி அகலம், தண்ணீர் கண்ணைவிட்டு மறையாமல், எவ்வளவு தூரத்துக்குத் தொடர்ந்து கிடைக்கிறது? இருட்டத் தொடங்கும் அரைமணி நேரத்தில் அந்த வழி எப்படி இருக்கிறது? இந்த இரண்டையும் வைத்தே இங்கே நான்கு ஏரிகளைப் பார்க்கிறோம். மூன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன, ஒன்று இலங்கையில்.

கொடைக்கானல்

1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டவைத்த ஏரி இது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றி ஓடும் ஏரிச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அறுபது ஏக்கருக்கு ஐந்து கிலோமீட்டர் கரை எப்படி வந்தது என்றால், ஏரியின் வடிவம்தான் காரணம். நட்சத்திரம்போலப் பல கைகளாக அது பிரிந்து கிடக்கிறது. சாலை ஒவ்வொரு கையின் உள்ளேயும் வளைந்து போய்த் திரும்புகிறது. அதனால் முழு ஏரியும் எந்த இடத்திலிருந்தும் ஒரே பார்வையில் தெரியாது. ஒரு திருப்பத்தில் மூடிய தண்ணீர் அடுத்த திருப்பத்தில் வேறு பக்கமாகத் திறக்கும். வட்டமான ஏரியில் பத்து நிமிடத்தில் வரும் சலிப்பு இங்கே ஒன்றரை மணி நேரம் நடந்தாலும் வராது. நான்கில் கொடைக்கானலை முதலில் வைப்பதற்கு இந்த வளைவுகளே பெரிய காரணம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கோயில் பிரகாரத்தை வலம் வருவதுபோல, ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. ஏரியை வலப்புறம் வைத்துக் கரையோரமாக நடந்தால் நம் ஓரத்தில் வரும் வண்டி, சைக்கிள், குதிரை எல்லாம் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். இடமாகச் சுற்றினால் அவை முதுகுக்குப் பின்னால் வரும். வாடகைக் குதிரைகள் ஓடும் சாலையில் இது சின்ன விஷயமில்லை. தண்ணீர்ப் பக்கம் ஒருவர், சாலைப் பக்கம் ஒருவர் என்று நடக்கும்போது சாலைப் பக்கம் வருபவர் வண்டியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நடைபாதை எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை.

கிழக்குக் கரையில், பிரையண்ட் பூங்காப் பக்கம் தொடங்குங்கள். வலமாகச் சுற்றினால் தெற்கும் மேற்கும் முடிந்து, வடக்குக் கரை வழியாகக் கிழக்குக்கே திரும்பி வருவீர்கள். அங்கே ஏரியைப் பார்த்து நின்றால் மேற்கு வானத்தின் கடைசி வெளிச்சம் தண்ணீரைத் தாண்டி உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். தேநீர்க் கடைகளும் சுட்ட சோளமும் பஜ்ஜியும் படகுத்துறைப் பக்கம்தான் அதிகம் என்பதால், பசியோடு முடிக்கும் இடமும் அதுவே. கழிப்பறையையும் நினைவில் வையுங்கள். பூங்காவையும் படகுத்துறைகளையும் விட்டால் எதிர்க்கரையில் எளிதாகக் கிடைக்காது. கிளம்பும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கு இது. இருவர் பேசிக்கொண்டு, நின்று நின்று நடந்தால் 5 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நவம்பரில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைகிறது. ஜூலையில் ஆறே முக்கால் ஆகிறது. எனவே நவம்பரில் நாலேகாலுக்கும் ஜூலையில் ஐந்துக்கும் கால் எடுத்துவைத்தால் சரியாக இருக்கும். சூரியன் மறைந்தபின் முகம் தெரியும் வெளிச்சம் இருபது நிமிடம்தான் தாங்கும். ஏரி குழிவில் இருப்பதால் சுற்றியுள்ள மேடுகளின் நிழல் அதற்கு முன்பே தண்ணீர்மேல் விழுந்துவிடும். ஐந்தரைக்குக் கிளம்பிப் பாதிச் சுற்றில் இருட்டில் மாட்டிக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

இருட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் காட்டுமாடுகள். கொடைக்கானல் நகருக்குள் மாலையிலும் இரவிலும் அவை மேய வருகின்றன, ஏரிப் பக்கமும் வரும். பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போய்விட்டாலோ, செல்பேசி வெளிச்சத்தை முகத்துக்கு நேரே அடித்தாலோ பாய்ந்துவிடும். கண்டதும் நின்று, ஓடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்வாங்குங்கள். அது வழியைக் கடக்கும்வரை ஒரு பேருந்து நீளத்துக்கு மூன்று மடங்கு தூரமாவது இருக்கட்டும். அதோடு சேர்ந்து படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கோக்கர்ஸ் வாக்கோடும் கொடைக்கானல் ஏரியை ஒப்பிடுவார்கள். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த அந்தப் பாதை சுமார் ஒரு கிலோமீட்டர். மலைவிளிம்பில், சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். வண்டி கிடையாது, இருவர் தாராளமாக நடக்கலாம். ஆனால் அது காலைக்கு உரிய இடம். சமவெளியின் சூடான காற்று பிற்பகலில் சரிவேறிக் குளிர்ந்து மேகமாகி, பள்ளத்தாக்கை நிரப்பிவிடும். நாலு மணிக்குப் போனால் பல நாள் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. முதுகுப்பக்கம் மாலை வெயில் இருந்து, முன்னால் பள்ளத்தில் மேகம் நின்றால், உங்கள் இருவரின் நிழலும் வானவில் வளையத்தோடு அந்த மேகத்தில் விழும். வளையம் அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்குத் தெரியும். நினைத்த நாளில் கிடைக்காது. கிடைத்த மாலையை மறக்க மாட்டீர்கள்.

கண்டி

இரண்டாம் இடம் கண்டிக்கு. கடல் கடந்து போனாலும் நமக்கு அயலான ஏரி இல்லை அது. 1807-இல் இதை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் வழியில் வந்தவன். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815-இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவனுக்காக இருக்கிறது. கரையோரம் அவன் கட்டத் தொடங்கி முடிக்காமல் போன மேகச் சுவர், முக்கோண விளக்குமாடங்களோடு இன்றும் நிற்கிறது. அந்த மாடங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால் நடை வேறு கனம் பெறும்.

சுற்று மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் போதும். தண்ணீரோரம் சுவரும் நடைபாதையும் கிட்டத்தட்டச் சுற்றிலும் உண்டு. அந்த நாலடிக் கணக்கில் கண்டி கொடைக்கானலை மிஞ்சிவிடுகிறது. பிறகு ஏன் இரண்டாம் இடம்? ஒலிதான். நகரின் நடுவில் இருப்பதால் மாலைப் போக்குவரத்தின் இரைச்சலும் புகையும் வடக்குக் கரையில் கூடவே வரும். தெற்குக் கரை அமைதியானது, பெரிய மரங்களின் நிழலும் அங்கேதான்.

இங்கே சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். குயின்ஸ் ஹோட்டல் முனையில் ஐந்து மணிக்குத் தொடங்கி, அணைக்கரையைக் கடந்து தெற்குக் கரை, கிழக்கு முனை, வடக்குக் கரை என்று வந்தால் ஆறேகாலுக்குள் புத்தரின் பல்லை வைத்து வழிபடும் தலதா மாளிகையின் வாசலில் இருப்பீர்கள். மாலைப் பூசை ஆறரைக்கு, மேளத்தோடு. உள்ளே போக நினைத்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்கும் வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். இவற்றை அறையிலிருந்து கிளம்பும்போதே யோசித்துவிட்டால் வாசலில் திண்டாட வேண்டாம். கண்டியில் சூரியன் கொடைக்கானலைவிடச் சீக்கிரம் மறையும்: நவம்பரில் ஐந்தே முக்கால் அளவில், ஜூலையில் ஆறரையை ஒட்டி.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தியில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கரை மரங்களில் வந்து அடையும். மரத்தடிப் பெஞ்சில் உட்காருமுன் பெஞ்சையும் தரையையும் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் அடுத்த பெஞ்சு. ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹரா ஊர்வலத் திருவிழா நாட்களில் ஏரிப் பக்கமே மக்கள் வெள்ளமாகிவிடும். அது வேறு அனுபவம், இருவர் தனியே நடக்கும் மாலைக்கு ஆகாது.

ஏற்காடு

ஏரியும் காடும் சேர்ந்த பெயர், இரண்டும் உண்மை. ஏரி சிறியது, சுற்று கொடைக்கானலில் பாதிகூட வராது. உயரம் 1,500 மீட்டர் அளவுதான், குளிர் மிதமானது. அதனால் நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களுக்கு, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு, கைக்குழந்தையோடு வரும் தம்பதிக்கு இதுதான் பொருத்தம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும்.

குறை என்னவென்றால், ஏரி மட்டும் ஒரு மாலைக்குக் காணாது. படகுத்துறை, அண்ணா பூங்கா, கடைகள் எல்லாம் ஒரே மூலையில் நெருக்கியிருப்பதால் அந்தப் பகுதியில் கூட்டத்தை விலக்கித்தான் நடக்க வேண்டும். ஏரியை நாலரைக்கு முடித்துவிட்டு, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் போய்விடுவது நல்ல ஏற்பாடு. கீழே மலைப்பாதையும், இருட்டியபின் சேலம் நகரத்து விளக்குகளும் தெரியும். இந்த மாலைக்காக அன்றிரவு மலையிலேயே தங்குங்கள். மூடுபனியில் அந்த இருபது வளைவுகளையும் இரவில் இறங்குவது வேண்டாம்.

ஊட்டி

ஊட்டி ஏரியை நடைக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அமைத்த ஏரி இன்றைவிட மிகப் பெரியது. இப்போது பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் நிலம்கூட அன்று தண்ணீர்தான். எஞ்சிய ஏரியில் படகுத்துறை கட்டண வளாகமாக இருக்கிறது. தண்ணீரை ஒட்டி முழுச்சுற்றாக நடக்கத் தொடர்ச்சியான வழி கிடையாது. சாலை பல இடங்களில் கரையைவிட்டு விலகுகிறது. கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரக் கழிவு பல ஆண்டுகளாக ஏரியில் கலந்து வந்திருக்கிறது. காற்று அசையாத மாலையில் அந்த வாடை தெரியும். படகுக்கு நல்ல இடம், நடப்பதற்கு இல்லை. ஊட்டிதான் போகிறீர்கள் என்றால் 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் மேல்தட்டுகளில் நடக்கலாம். மாலையில் அடைத்துவிடுவார்கள் என்பதால் நாலு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

எப்போது, எதோடு

நான்கிலும் கூட்டமே பெரிய எதிரி. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் நடக்கவே முடியாது. சனி, ஞாயிறும் அப்படித்தான். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு மார்ச் பாதி வரை, செவ்வாய் முதல் வியாழன் வரையுள்ள மாலைகள் கொடைக்கானலுக்கு மிகச் சிறந்தவை: வானம் தெளிவு, குளிர் கடுமை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை உண்டு. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பெய்து ஐந்து மணிக்கு விட்டுவிட்டால், அந்த மாலைக்கு ஈடு கிடையாது. இலை, கல், தண்ணீர் எல்லாம் கழுவிவிட்டதுபோல இருக்கும்.

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் முறை வந்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்புமுன்னே பதிவுசெய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு ஊர்களிலும் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். வளைவுப் பாதையில் ஏறிய தலைசுற்றல் தீராமல் வந்த அன்றே முழுச்சுற்றுக்குக் கிளம்ப வேண்டாம்.

குளிரை நடக்கும்போது உணர மாட்டீர்கள். உடம்பு சூடாகிச் சட்டை முதுகில் ஈரமாகும். பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்த ஈரமே நடுக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் இறங்கி ஏரிக் குழிவில் தேங்கும். மேலே விடுதியில் தாங்கிய ஸ்வெட்டர் கீழே போதாமல் போகும். எனவே போர்வையை உட்காருவதற்கு முன்பே போர்த்துங்கள், குளிர்ந்த பிறகு அல்ல. காதை மூட ஒரு துணி, ரப்பர் அடியுள்ள காலணி (பாசி படிந்த நடைபாதைக் கல் வழுக்கும்), பனி இறங்கினால் வண்டிக்காரர் கண்ணில் படும்படி வெளிர் நிற மேலுடை.

குடை ஒன்று போதும், பெரியதாக இருக்கட்டும். ஆளுக்கொரு சின்னக் குடை விரித்தால் கம்பிகள் உரசி இருவருக்கும் நடுவே மூன்றடி விலகல் வந்துவிடும். உயரமானவர் பிடிக்கும் ஒரு பெரிய குடைக்கடியில் அந்த நாலடிக்குள்ளேயே இருவரும் நனையாமல் நடக்கலாம்.